பனியில் போன பள்ளி நாட்கள்: ஈடுகட்டச் சொல்வது யார்?

கேள்வி: வணக்கம். நாங்கள் தென் கரோலினாவில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. இருவருக்கும் பொதுப் பள்ளிதான். இந்தக் கல்வியாண்டில் புயலால் நான்கு நாட்கள், ஜனவரியில் பனிக்கட்டி மழையால் நான்கு நாட்கள் என்று மொத்தம் எட்டு நாட்கள் பள்ளி மூடியிருந்தது. அதில் இரண்டு நாட்கள் இ-லர்னிங், அதாவது வீட்டிலிருந்தே இணைய வகுப்பு, நடந்தது. பிறகு லீவாக இருந்த மூன்று நாட்களில் பள்ளி வைத்துவிட்டார்கள். மிச்சம் மூன்று நாட்களை என்ன செய்வது என்று எங்கள் பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு அடுத்த மாதம் முடிவெடுக்குமாம். சனிக்கிழமை வைப்பார்கள் என்கிறார் ஒருவர், ஜூன் வரை இழுப்பார்கள் என்கிறார் இன்னொருவர். மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் மசோதா வருகிறது, எல்லாம் தள்ளுபடி ஆகிவிடும், ஈடுகட்டவே வேண்டாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஓடுகிறது. வைகாசிக் கடைசியில் என் தங்கைக்குக் கல்யாணம். ஜூன் முதல் வாரம் சென்னைக்கு டிக்கெட் போட்டாயிற்று. கடைசி நாட்களுக்குப் பிள்ளைகளை அனுப்பாவிட்டால் ஏதாவது பிரச்சினை வருமா? சனிக்கிழமை பள்ளி வைத்தால் தமிழ்ப் பள்ளி போய்விடுமே? நாங்கள் எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள்; இதிலெல்லாம் வாய் திறக்க எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கை கல்யாணத்துக்கு முதலில் வாழ்த்துகள். டிக்கெட்டை இப்போதே மாற்ற வேண்டாம், போர்டு வாக்கெடுப்பு முடியட்டும். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அதற்கு முன்னால் இந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்த மாநிலப் பள்ளிகளில் ஆசிரியராகவும் பிறகு துணை முதல்வராகவும் வேலை பார்த்தவன், பள்ளி மாவட்டத்தின் நாட்காட்டிக் குழுவிலும் உட்கார்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெற்றோர் குழம்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். யார் எத்தனை நாளைத் தள்ளுபடி செய்யலாம் என்பதை யாரும் அவர்களுக்குத் தெளிவாகச் சொல்வதில்லை.

தென் கரோலினா சட்டப்படி ஓர் ஆண்டுக்கு 180 நாட்கள் பாடம் நடக்க வேண்டும். ஆசிரியர்களின் ஒப்பந்தம் 190 நாட்கள். மிச்சப் பத்து நாட்கள் பயிற்சி, திட்டமிடல், பெற்றோர் சந்திப்பு போன்றவற்றுக்கு. பனி, புயல் அல்லது வேறு காரணத்தால் மூடிய நாட்களை ஈடுகட்டியே ஆக வேண்டும் என்பது பொது விதி. அதற்காக ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுத் தொடக்கத்திலேயே குறைந்தது மூன்று நாட்களை நாட்காட்டியில் ஒதுக்கி வைக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் லீவு நாட்களில் பள்ளிக்குப் போனார்களே, அவைதான் அந்த மூன்று.

அவை தீர்ந்த பிறகு மாவட்ட போர்டுக்குச் சட்டம் மூன்று வழிகளைக் கொடுக்கிறது. பள்ளி நேரத்தை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நீட்டலாம். சனிக்கிழமை பள்ளி வைக்கலாம். அல்லது மூன்று நாட்கள் வரை தள்ளுபடி செய்யலாம். தள்ளுபடிக்கு போர்டு உறுப்பினர்களின் பெரும்பான்மை வாக்கு வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: அந்தப் பள்ளி அதே ஆண்டில் முதலில் மூன்று முழு நாட்களை, அல்லது அதற்குச் சமமான மணி நேரத்தை, ஈடுகட்டி முடித்திருக்க வேண்டும்.

உங்கள் மாவட்டம் அதை முடித்துவிட்டது. எட்டில் இரண்டு நாட்கள் இ-லர்னிங் என்கிறீர்கள். மாநில அனுமதி பெற்ற மாவட்டங்கள் ஐந்து நாட்கள் வரை அப்படி நடத்தலாம். அவை பள்ளி நடந்த நாளாகவே எண்ணப்படும். ஆக, போனது ஆறு, ஈடுகட்டியது மூன்று, மிச்சம் மூன்று. இந்த மூன்றையும் தள்ளுபடி செய்ய உங்கள் போர்டுக்கே முழு அதிகாரம் இருக்கிறது. கொலம்பியாவை எதிர்பார்க்க வேண்டிய தேவையே இல்லை. தோழி யாராவது பிள்ளையைச் சார்ட்டர் பள்ளியில் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் பள்ளி) சேர்த்திருந்தால் இதையும் சொல்லுங்கள்: மாவட்டம் ஒரு நாளைத் தள்ளுபடி செய்தால், அந்த மாவட்டத்துக்குள் இருக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் அது பொருந்தும்.

மார்ச்சில் இன்னொரு பனி வந்தால்? போர்டு தன் மூன்றையும் செலவழித்த பிறகு, மாநிலக் கல்வி வாரியத்திடம் இன்னும் மூன்று நாட்கள் வரை தள்ளுபடி கேட்கலாம். அந்தக் கோரிக்கையையும் மாவட்ட போர்டு வாக்கெடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அதற்கும் மேலே போனால்தான் சட்டமன்றம் தனியாக ஒரு தீர்மானமோ சட்டமோ இயற்ற வேண்டி வரும்.

மசோதா வருகிறது என்ற பேச்சைக் கேட்டு எதையும் திட்டமிடாதீர்கள். யாரோ ஓர் உறுப்பினர் தாக்கல் செய்தது செய்தியாகிவிடும், ஆனால் அதன் பிறகு நடக்க வேண்டியது நிறைய. பிரதிநிதிகள் சபையிலும் செனட்டிலும் ஒவ்வொரு மசோதாவும் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை வாசிக்கப்பட வேண்டும். பிறகு ஆளுநரின் மேசைக்குப் போகும். கூட்டத்தொடர் ஜனவரி இரண்டாவது செவ்வாயன்று தொடங்கி மே இரண்டாவது வியாழனன்று முடிகிறது. ஒரு சாதாரணக் குளிர்காலத்துக்குப் போர்டின் மூன்றும் வாரியத்தின் மூன்றும் போதும் என்பதால், சட்டமன்றம் அவசரப்படாது. பேரிடர் என்றால் கதை வேறு. 2018 செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் புயல் வட கரோலினாவின் கிழக்குப் பகுதியை வெள்ளக்காடாக்கியபோது, பாதிக்கப்பட்ட இடங்களில் 20 நாட்கள் வரை ஈடுகட்டாமல் விடலாம் என்று அந்த மாநிலச் சட்டமன்றம் அடுத்த மாதமே சட்டம் கொண்டுவந்தது. பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே தண்ணீர் நின்ற ஊர்கள் அவை. உங்கள் மூன்று நாட்களுக்கு அப்படி ஒரு சட்டம் வரும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண்.

வேறு மாநிலங்களில் இருக்கும் வாசகர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்திலும் விதி வேறு. ஜார்ஜியாவில் அவசரநிலையில் மூடிய நான்கு நாட்கள் வரை ஈடுகட்டாமல் விடலாம். டெக்சாஸ் நாள் கணக்கையே விட்டுவிட்டு, ஆண்டுக்கு 75,600 நிமிடங்கள் என்று எண்ணுகிறது. தினமும் சில நிமிடம் கூடுதலாக நடத்தும் பள்ளி அங்கே குளிர்காலத்துக்கு முன்பே சேமிப்பு வைத்திருக்கும். நியூ ஜெர்சியில் 180 நாட்கள் கண்டிப்பு. சாதாரணப் பனி நாளில் வீட்டிலிருந்து நடத்தும் வகுப்பு அங்கே கணக்கில் வராது. அவசரநிலை அறிவித்து, தொடர்ந்து மூன்று நாட்களுக்கு மேல் மூடினால்தான் அந்தச் சலுகை. மாசசூசெட்ஸும் 180 நாட்கள்தான். பனி நாளில் வீட்டுப்பாடப் பொட்டலம் கொடுத்து நாளைக் கணக்கில் சேர்க்கும் பழக்கத்தை அங்கே சில ஆண்டுகளுக்கு முன் நிறுத்திவிட்டார்கள்.

சரி, உங்கள் பிள்ளைகளுக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மூன்று நாளா, இரண்டு நாளா, தள்ளுபடியா என்பதைவிட, அந்த நாட்கள் எந்த மாதத்தில் விழுகின்றன என்று பாருங்கள். சட்டம் 180ஐ எண்ணுகிறது. தேர்வுக்கு முன்னாலா பின்னாலா என்று பார்ப்பதில்லை. மகள் ஏ.பி. எனப்படும் கல்லூரி நிலைப் பாடம் ஏதாவது எடுத்திருந்தால், அந்தத் தேர்வு நாடு முழுக்க ஒரே தேதிகளில், மே முதல் இரண்டு வாரங்களில் நடந்து முடிந்துவிடும். பனியில் போன ஜனவரிப் பாடத்தை ஜூனில் நடத்தினால் அந்தத் தேர்வுக்குக் கொஞ்சமும் உதவாது. பத்தாம் வகுப்பில் பெரும்பாலும் இங்கிலீஷ் 2 இருக்கும். அதற்கு மாநிலத்தின் எண்ட்-ஆஃப்-கோர்ஸ் தேர்வு, அதாவது பாட முடிவுத் தேர்வு, உண்டு; இறுதி மதிப்பெண்ணில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது. மகனின் எஸ்.சி. ரெடி என்ற மாநிலத் தேர்வு ஆண்டின் கடைசிப் பகுதியில் வரும். தேர்வுகள் முடிந்த பிறகு வரும் ஜூன் நாட்களில் வகுப்பறையில் என்ன நடக்கும் என்பது ஆசிரியராக இருந்தவர்களுக்குத் தெரியும். புத்தகங்களைத் திரும்ப வாங்குவார்கள், படம் போடுவார்கள், பாதிப் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள்.

இதில் ஆராய்ச்சியும் இருக்கிறது. மேரிலாந்து பள்ளிகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் டேவ் மார்கோட், ஸ்டீவன் ஹெமெல்ட் இருவரும் செய்த ஆய்வில், பனியால் மூடிய நாட்கள் அதிகமான ஆண்டுகளில் மாநிலத் தேர்வில் தேர்ச்சி குறைந்திருந்தது. சின்ன வகுப்புகளில் பாதிப்பு கூடுதல். ஜோஷுவா குட்மன் மாசசூசெட்ஸை வைத்துப் பார்த்தபோது வேறு முடிவு வந்தது: பள்ளி மொத்தமாக மூடிய நாட்களால் மதிப்பெண் பாதிக்கப்படவில்லை, பள்ளி திறந்திருந்தும் பிள்ளை வராத நாட்களால் பாதிக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே நாள் போனால் ஆசிரியர் பாடத்தைத் தள்ளி வைத்துச் சமாளிக்கிறார். ஒரு பிள்ளை மட்டும் வராவிட்டால் அந்த ஓட்டை அப்படியே நிற்கிறது. இரண்டு ஆய்வுகளும் இரண்டு பக்கம் இழுப்பதுபோல் தெரியலாம். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: ஈடுகட்டும் நாள் தேர்வுக்கு முன்னால் வர வேண்டும், பள்ளி திறந்திருக்கும் நாளில் பிள்ளை அங்கே இருக்க வேண்டும்.

அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால், மூன்று நாளையும் தள்ளுபடி செய்யுங்கள் என்று போர்டிடம் கேட்க மாட்டேன். கல்யாணத்துக்குப் போக அது வசதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடிய நாளின் பாரம் எல்லா வீட்டிலும் ஒன்றுபோல் விழுவதில்லை. உங்கள் வீட்டில் லேப்டாப் இருக்கிறது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பள்ளியில் கிடைக்கும் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும்தான் சில பிள்ளைகளுக்கு நிச்சயமான சாப்பாடு. பேச்சுப் பயிற்சியோ தனிக் கவனமோ தேவைப்படும் பிள்ளைக்கு, பள்ளி மூடினால் அந்த வாரப் பயிற்சி போய்விடும். மணிக்கூலிக்கு வேலை பார்க்கும் பேருந்து ஓட்டுநருக்கும் உணவறைப் பணியாளருக்கும் ஒரு நாள் குறைந்தால் அந்த நாள் சம்பளம் குறையக்கூடும். இதையெல்லாம் பார்த்தவன் என்பதால் முழுத் தள்ளுபடியை என்னால் மனதார ஆதரிக்க முடியவில்லை.

வேறு என்ன கேட்கலாம்? மார்ச், ஏப்ரலில் மாணவர்களுக்கு லீவாகவும் ஆசிரியர்களுக்கு வேலை நாளாகவும் ஓரிரு நாட்கள் இருக்கும். அதில் ஒன்றை, முடிந்தால் இரண்டை, பாட நாளாக மாற்றச் சொல்லலாம். ஆசிரியர்களின் திட்டமிடும் நாளைப் பிடுங்குவது அவர்களுக்குக் கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஈடாக ஜூனில் அவர்களுக்கு அந்த நாளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். நேரத்தை நீட்டும் வழியும் உண்டு. நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் மூன்று நாட்களுக்குப் பதினெட்டு மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் கூட்டினால் பதினெட்டுப் பள்ளி நாட்களில் முடிந்துவிடும். தேர்வுக்கு முன்பே முடிக்கலாம், காலண்டரிலும் கை வைக்க வேண்டாம். ஆனால் இதற்கு மாநிலக் கல்வித் துறையின் முன் அனுமதி வேண்டும், பேருந்து நேரமெல்லாம் மாறும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாலை வரை தாங்க மாட்டார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம். இப்படி இரண்டு நாட்களைத் தேர்வுக்கு முன் வைத்துவிட்டு ஒன்றைத் தள்ளுபடி செய்யச் சொன்னால் போர்டு காது கொடுக்கும் என்று நம்புகிறேன். உங்கள் பயணமும் தப்பிக்கும்.

சனிக்கிழமை விஷயத்தில் உங்கள் கவலை நியாயம். தமிழ்ப் பள்ளிகள் வார இறுதியில்தான் நடக்கின்றன, ஆண்டுவிழா, தேர்வு எல்லாம் வசந்தகாலத்தில்தான் வருகின்றன. ஆனால் நடைமுறையில் போர்டுகள் சனிக்கிழமையை விரும்புவதில்லை. வருகை மிகவும் குறையும், பேருந்தும் சமையலறையும் முழுச் செலவில் ஓட வேண்டும். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கும் குடும்பங்களும் எதிர்ப்பார்கள். இருந்தாலும் தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளிடம் இப்போதே சொல்லி, போர்டுக்கு ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். இத்தனை பிள்ளைகள் சனிக்கிழமை இன்ன வகுப்புக்குப் போகிறார்கள் என்று எண்ணிக்கையோடு எழுதினால் அதற்கு எடை உண்டு.

இனி, அனுப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி. ஈடுகட்டும் நாள் முழுப் பள்ளி நாள்தான். அன்று வராவிட்டால் ஆப்சென்ட். குடும்பப் பயணம் பொதுவாக அனுமதிக்கப்பட்ட காரணங்களில் வராது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் முதல்வர் தன் முடிவாக ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். காரணமில்லாத ஆப்சென்ட் தொடர்ந்து மூன்று, அல்லது ஆண்டில் மொத்தம் ஐந்து என்று ஆனால் பள்ளி உங்களைக் கூப்பிட்டு ஒரு திட்டம் எழுதி வாங்க வேண்டும் என்பது மாநில விதி. எந்தக் காரணமாக இருந்தாலும் பத்து நாளைத் தாண்டினால் போர்டோ அதன் சார்பில் ஒருவரோ ஒப்புதல் தர வேண்டும். பத்தாம் வகுப்பு மகளுக்கு அது பாடக் கிரெடிட்டையே, அதாவது பாடத்தை முடித்ததற்கான கணக்கையே, தொடும். ஆகவே இந்த வாரமே பெற்றோருக்கான பள்ளி இணையப் பக்கத்தை (பேரண்ட் போர்ட்டல்) திறந்து இருவருக்கும் இதுவரை எத்தனை ஆப்சென்ட், அதில் எத்தனை காரணமில்லாதவை என்று பாருங்கள். காய்ச்சலுக்கு மருத்துவர் சீட்டு கொடுக்காமல் விட்டது ஏதாவது இருந்தால் இப்போதே கொடுத்துச் சரிசெய்யுங்கள். கணக்கு குறைவாக இருந்து, கடைசியில் ஒன்றிரண்டு நாள் மட்டும் தவறுமானால், அதற்காகத் தங்கை கல்யாணத்தை விட வேண்டாம்.

மகள் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பள்ளி ஆண்டு நீண்டால் எண்ட்-ஆஃப்-கோர்ஸ் தேர்வையும் இறுதித் தேர்வையும் தள்ளி வைக்கும் மாவட்டங்கள் உண்டு. அவள் விமானத்தில் இருக்கும் நாளில் அந்தத் தேர்வு விழுந்துவிடக் கூடாது. பள்ளியின் கவுன்சலருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பயணத் தேதியைச் சொல்லி, அதற்கு முன் எழுத முடியுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். போர்டு வாக்கெடுப்புக்குப் பிறகு இன்னொரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். தேர்வு பயணத்தோடு மோதினால் மட்டும் டிக்கெட்டை மாற்றுவது பற்றி யோசியுங்கள். மகளும் அப்பாவும் இரண்டு நாள் பின்னால் வரலாம்.

எச்1பியில் இருப்பவர்கள் பேசலாமா என்று கேட்டீர்கள். பேசலாம். குடியுரிமை இல்லாதவர்கள் தேர்தலில் வாக்களிக்கக் கூடாது, அதில் விளையாடவே கூடாது. ஆனால் போர்டு கூட்டத்தில் பேசுவதற்கும் உறுப்பினருக்கு எழுதுவதற்கும் யாரும் விசா கேட்பதில்லை. உங்கள் பிள்ளைகள் அந்த மாவட்டத்தில் படிக்கிறார்கள், அது போதும். பொதுமக்கள் பேசும் நேரத்துக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். எப்போது, எப்படி என்பது மாவட்ட இணையதளத்தில் இருக்கும். சில நிமிடங்கள்தான் கிடைக்கும். நம்மவர்கள் கூட்டமாக வந்து, ஒருவரும் எழுந்து பேசாமல் திரும்பிப் போவதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்திருக்கிறது. பேசும்போது பயணத்தைச் சொல்லாதீர்கள். ஏ.பி. தேர்வுத் தேதி, எண்ட்-ஆஃப்-கோர்ஸ் தேர்வுத் தேதி, அதற்கு முன் கிடைக்கும் ஆசிரியர் வேலை நாட்கள் ஆகியவற்றை எழுதி எடுத்துப்போய், இந்த மூன்று நாட்களில் இரண்டை இங்கே வையுங்கள் என்று சுட்டிக் காட்டுங்கள். தேதியோடு பேசுகிறவரை உறுப்பினர்கள் குறித்துக்கொள்வார்கள். கூச்சமாக இருந்தால் அதையே அரைப் பக்கம் மின்னஞ்சலாக எழுதி, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள்.

அடுத்த ஆண்டுக்கு டிக்கெட் போடும் முன், மாவட்ட நாட்காட்டியின் அடிக்குறிப்பைப் படித்துப் பாருங்கள். வானிலைக்காக ஒதுக்கிய மூன்று நாட்கள் எவை என்று அதில் இருக்கும். அவற்றில் ஒன்று கடைசி நாளுக்குப் பின்னால் இருந்தால், பள்ளி அன்றுதான் முடியும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு வாரம் விட்டு டிக்கெட் போடுங்கள். நாட்காட்டி வரைவை மாவட்டங்கள் முன்கூட்டியே வெளியிட்டுக் கருத்துக் கேட்பது வழக்கம். அந்த மூன்று நாட்களையும் மே மாதத்துக்கு முன்னால் வையுங்கள் என்று அப்போதே எழுதினால், பனி விழுந்த பிறகு வாதாட வேண்டியிருக்காது.